இச்சி, குருந்து, குரங்குவெற்றிலை: கன்றிலிருந்து தட்டு வரை

ஒரு சாண் உயரக் கன்றை நேரடியாக, மரத்தைக் குறுக்கி வளர்க்கும் ஆழமற்ற போன்சாய்த் தட்டில் வைத்தால், பத்து ஆண்டு கழித்தும் அது தட்டில் நிற்கும் கன்றாகவே இருக்கும். தட்டில் வேருக்கு ஓட இடமில்லை. வேர் ஓடாமல் கிளை ஓடாது. கிளை ஓடாமல் அடிமரம் பருக்காது. அதனால் வேலையின் வரிசை பலரும் நினைப்பதற்கு நேர் தலைகீழ். முதலில் வேர், அடுத்து அடிமரம், அதற்குப் பிறகு கிளை, கடைசியில்தான் தட்டு. நான்கைந்து ஆண்டு கூடையிலும் தரையிலும் கிடந்து முரடாக வளர்ந்த செடியே பிறகு குறுக்கி வைக்கத் தகுதியாகிறது.

கீழே வரும் மாதக்கணக்கு சென்னை முதல் நாகை வரையிலான கரையோரத்துக்குப் பொருந்தும். மேற்கே போகப் போக ஒரு மாதம் முன்பின் ஆகும்.

எடுத்துக்கொண்ட மூன்று செடிகள்

இச்சி, அதாவது ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா. இச்சி, கல் இச்சி என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் வேறு வேறு மரங்களுக்கும் வழங்குவதால் பெயரை நம்பாமல் இலையைப் பார்த்து வாங்க வேண்டும்: விரல் நீளத்துக்கு மேல் போகாத, தடித்த, பளபளப்பான இலை, நுனி அரச இலைபோல வால் நீண்டிருக்காது. பழைய சுவர்களிலும் மாடிக் குழாய் ஓரத்திலும் பறவைகள் போட்ட விதையிலிருந்து தானே முளைக்கும். எப்படியும் பிடுங்கி எறியப் போகிற அந்தக் கன்றுகள்தான் நல்ல தொடக்கம். சுவர் இடுக்கில் கிடந்ததால் அவற்றின் வேர் ஏற்கெனவே புடைத்து முறுக்கேறியிருக்கும்.

குருந்து என்கிற காட்டு எலுமிச்சை, தாவரப் பெயர் அட்டலான்ஷியா மோனோஃபில்லா. ஆவுடையார்கோயிலின் தலமரம் குருந்து என்பதால் மாணிக்கவாசகர் வரலாறு தெரிந்தவர்களுக்குப் பெயர் புதிதல்ல. முள் உண்டு, மணக்கும் வெள்ளைப் பூ, கோலிக்குண்டு அளவு காய். கட்டை இரும்பு மாதிரி. மெதுவாகப் பருக்கும், ஆனால் பருத்தால் அந்தப் பட்டையின் வயதான தோற்றத்தை இச்சியால் காட்ட முடியாது.

மூன்றாவது குரங்குவெற்றிலை, எரீஷியா மைக்ரோஃபில்லா. இலைக்கு மூன்று பல் வைத்த நுனி, மேற்புறம் வெள்ளைப் புள்ளி, தொட்டால் சொரசொரப்பு. கடைகளில் 'ஃபூகியன் டீ' என்று சீனத்துப் பெயரோடு பீங்கான் தட்டில் விற்கிறார்களே, அதுவும் இதே இனம்தான். நம் கரையோரப் புதர்க்காட்டுச் செடி ஊர் சுற்றிவிட்டு அயல்நாட்டு விலையோடு திரும்பி வந்திருக்கிறது.

மூன்றுமே உலர் பசுமைமாறாக் காட்டைச் சேர்ந்தவை அல்லது அந்த வெயிலுக்குப் பழகியவை. காப்புக்காட்டிலிருந்து கன்று தோண்டுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கோயில்காட்டில் தோண்டினால் சட்டத்துக்கு முன் ஊர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். தேவையும் இல்லை. ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் இந்தக் காட்டு இனங்களையே வளர்க்கும் நாற்றங்கால்கள் உள்ளன. ஒரு வயதுக்கு உட்பட்ட, பாக்கெட்டின் அடியில் வேர் சுருண்டு சுற்றாத கன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தண்டு எப்படியும் வெட்டப்படும்; சுருண்ட வேர் கடைசி வரை கூடவே வரும்.

கலவை

உடைத்த செங்கல் 2 பங்கு, ஆற்று மணலில் சலித்த பருமணல் 1 பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது இலைமக்கு 1 பங்கு. இது வளர்ப்புக் காலத்துக்கு. தட்டுக்கு மாற்றும்போது செங்கல் 3, மணல் 1, மக்கு அரைப் பங்கு.

செங்கல் துண்டு 3 முதல் 6 மி.மீ. வரை இருக்க வேண்டும். 6 மி.மீ. வலையில் ஒருமுறை சலித்து மேலே நிற்பதை மறுபடி உடைக்க வேண்டும், 3 மி.மீ. சல்லடையில் மறுமுறை சலித்துக் கீழே விழும் தூளைக் கண்டிப்பாக ஒதுக்க வேண்டும். 'கொஞ்சம் தூள்தானே' என்று விட்டால் அது இரண்டு மழையில் அடியில் இறங்கிச் சிமெண்டுபோல அடைத்துக்கொள்ளும். வேர் அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது, அதிகத் தண்ணீரில் அல்ல. சரியாக வேகாத செங்கல்லும் ஆகாது. ஒரு துண்டை ஒரு நாள் தண்ணீரில் போட்டு விரலால் நசுக்கினால் கரைந்தால் அந்தக் கல்லே வேண்டாம். இடித்த வீட்டுச் செங்கல்லில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் காரை மண்ணைக் காரமாக்கும். குரங்குவெற்றிலை அதை முதலில் காட்டிக்கொடுக்கும், இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

முதல் ஆண்டு: வேர் மட்டும்

ஆடிப் பட்டம் இதற்கும் நல்ல பட்டம். கத்திரி வெயில் போய், மாலை மழை தொடங்கி, ஐப்பசி அடைமழைக்கு முன் இரண்டு மூன்று மாதம் கிடைக்கிறது. பாக்கெட்டைக் கிழித்துப் பழைய மண்ணை முழுவதும் கழுவ வேண்டும். ஆணிவேரைத் தண்டின் அடியிலிருந்து மூன்று விரற்கடை விட்டு வெட்ட வேண்டும். நேர் கீழே போகும் மற்ற வேர்களையும் சுருக்கிவிட்டுப் பக்கவாட்டில் ஓடும் வேர்களை மட்டும் நீளமாக விட வேண்டும். இச்சி இந்த வெட்டைப் பொருட்படுத்தாது. இலையெல்லாம் கொட்டினாலும் மூன்று வாரத்தில் துளிர்க்கும். குருந்தில் ஒரே நாளில் மேலும் கீழும் வெட்டக் கூடாது. வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், தலையை அப்படியே விட்டு நிழலில் வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வெட்டிய குருந்துக் கன்று சாகாமல், துளிர்க்காமல், ஒரு வருடம் வெறுமனே நிற்கும். அதுதான் அதன் கோபம். குரங்குவெற்றிலைக்குக் கால் பங்கு போதும்.

வேர் அமைப்புக்குப் பழைய கூரை ஓடு உதவும். உள்ளங்கை அகல ஓட்டுத் துண்டின் மேல் தண்டை உட்கார வைத்து, வேர்களைச் சக்கரத்தின் ஆரக்கால்போல நாலா பக்கமும் விரித்து, கம்பியால் ஓட்டோடு கட்டி, அப்படியே கூடைக்குள் வைத்து மூட வேண்டும். வேர் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடிப் பருக்கும். தரையைப் பிடித்து நிற்கும் அந்த விரிந்த அடிதான் சின்ன மரத்தைப் பெரிய மரமாகக் காட்டுவது. ஒரு பக்கம் வேரே இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துத் தண்டில் பென்சில் நுனி அளவு பட்டையைச் சுரண்டி, வேர் ஊக்கிப் பொடி தடவி, ஈரமான தென்னைநார்க் கழிவால் மூட வேண்டும். இச்சி அநேகமாக வேர் விடும். குருந்தில் இதை நம்ப முடியாது. பக்கத்தில் இன்னொரு சிறு கன்றை நட்டு, அதன் தண்டை இதன் அடியில் ஒட்டுக்கட்டித்தான் வேர் சேர்க்க வேண்டும்.

கூடை என்றால் காய்கறி கழுவும், சுற்றிலும் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் வடிகூடை, 30 செ.மீ. அகலம், 12 முதல் 15 செ.மீ. ஆழம். வேர் ஓட்டை வழியே வெளியே எட்டிப் பார்த்ததும் காற்றில் காய்ந்து நிற்கும். அங்கிருந்து உள்ளே பத்துச் சல்லிவேர் பிரியும். தொட்டியில் போலச் சுற்றிக்கொண்டு ஓடாது. ஒரு தொல்லை: கூடை வேகமாகக் காயும். சித்திரை, வைகாசியில் இரு வேளையும் தண்ணீர் கேட்கும்.

மொட்டை மாடியில் வைப்பவர்கள் கூடையைத் தளத்தின் மேல் வைக்கக் கூடாது. கத்திரி வெயிலில் சிமெண்டுத் தளம் மாலை வரை கொதிக்கும்; மேலே இலை நன்றாக இருக்கும்போதே கீழே வேர் வெந்துவிடும். இரண்டு செங்கல் உயரமாவது காற்றோட இடம் விட வேண்டும். பலகை போட்டு இடுப்பளவு உயர்த்தினால் இன்னும் நல்லது. அந்தக் கத்திரி நாட்களுக்கு மட்டும் 50 சதவீத நிழல்வலை போதும். ஆண்டு முழுவதும் வலைக்குள் வைத்தால் கணுவிடை நீண்டு, இலை பெருத்து, செடி கொடிபோல ஆகிவிடும்.

இரண்டு, மூன்றாம் ஆண்டு: அடிமரம்

இந்தக் காலத்தில் கத்தரிக்கோலை எடுக்காமல் இருப்பதுதான் பெரிய வேலை. அடியைப் பருக்க வைப்பது மேலே ஓடும் இலைக்கூட்டம். அதனால் நடுத்தண்டை ஆள் உயரத்துக்கும் மேலே ஓட விட வேண்டும். அந்தத் தண்டு கடைசியில் வெட்டி எறியப்படும். அதன் வேலை அடிக்குச் சோறு போடுவது மட்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நுனியைக் கிள்ளும் ஒவ்வொரு முறையும் பருமன் ஒரு பருவம் பின்தங்கும்.

ஆனால் கீழ்க்கிளைகளை ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. தரையிலிருந்து முதல் 20 செ.மீ.-க்குள் வரும் துளிர்களில் நான்கைந்தைக் காப்பாற்ற வேண்டும். மேலே ஓடும் தண்டு நிழல் போட்டால் கீழ்த்துளிர் காய்ந்துபோகும். ஆகவே ஓடும் தண்டில் இடுப்பு உயரம் வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, உச்சியில் மட்டும் குடைபோல விட வேண்டும். நாளை வெட்டும் இடத்துக்குக் கீழே உயிருள்ள துளிர் இருந்தால்தான் வெட்டு ஆறும். குரங்குவெற்றிலையில் துளிர் இல்லாத மொட்டைத் தண்டாக வெட்டினால் வெட்டிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும்.

இடம் இருந்தால் கூடையை அப்படியே தோட்ட மண்ணின் மேல் வைத்துவிடலாம், புதைக்க வேண்டியதில்லை. ஓட்டை வழியே வேர் தரைக்குள் இறங்கி, இச்சி அடுத்த இரண்டு மாதத்தில் வேறு செடியாகத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடையைத் திருகித் தூக்கி, வெளியே போன வேரை அறுத்து, மறுபடி வைக்க வேண்டும். மறந்துவிட்டால் கூடை கிழிவதோடு நிற்காது. இச்சி வேர் தண்ணீர்த் தொட்டியையும் கழிவுநீர்க் குழாயையும் தேடிப் போகும் வேர். அந்தப் பக்கம் அதை வைக்கவே கூடாது.

இன்னும் அவசரமானவர்களுக்கு இச்சியில் குறுக்குவழி ஒன்று உண்டு. பென்சில் பருமன் கன்றுகள் ஏழெட்டை ஒன்றாகச் சேர்த்து, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒட்டுக்கட்டும் நாடாவால் இறுக்கிச் சுற்றினால், ஒன்றிரண்டு ஆண்டில் பட்டை சேர்ந்து ஒரே அடிமரமாகிவிடும். எல்லாம் ஒரே தாய்மரத்துப் பதியனாக இருப்பது நல்லது. விதைக் கன்றுகளானால் பட்டையின் நிறமும் இலை அளவும் பக்கத்துக்குப் பக்கம் வேறுபடும். மற்ற இரண்டிலும் இது கைகொடுப்பதில்லை.

உரம்: கடலைப் புண்ணாக்கு 100 கிராம், 2 லிட்டர் தண்ணீர், நான்கைந்து நாள் ஊறல். தெளிவை வடித்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, 15 நாளுக்கு ஒருமுறை, ஈரமான மண்ணில் மட்டும் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர்நுனி கருகும். இச்சிக்கு நடுவில் வாரம் ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம் கொடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டும் வேண்டாம், அத்தனையும் ஓடிப்போகும். புண்ணாக்கை ஊற வைக்காமல் தூளாகத் தூவினால் எறும்பு வரும், எறும்போடு மாவுப்பூச்சியும் வரும்.

இப்படி விட்டால் மூன்றாம் ஆண்டு முடிவில் தரையோடு வேரோடிய இச்சி அடியில் 5 செ.மீ. தாண்டும். அதே காலத்தில் குருந்தும் குரங்குவெற்றிலையும் பெருவிரல் பருமன் வந்தாலே நிறைவு. அவை இரண்டையும் 15 செ.மீ. உயரக் குறுமரமாகவோ பல தண்டுகள் ஒரே அடியிலிருந்து எழும் புதராகவோ வடிவமைப்பது புத்திசாலித்தனம்.

வெட்டு

அடி விட்டத்தைப் போல ஆறு மடங்கு உயரம் என்பது வசதியான கணக்கு. அடி 6 செ.மீ. என்றால் மரம் 36 செ.மீ. அப்படியானால் முதல் வெட்டு அதில் மூன்றில் ஒரு பங்கான 12 செ.மீ. உயரத்தில். அங்கே ஒரு துளிரைப் புதுத் தலைவனாக நிமிர்த்தி ஓட விட வேண்டும். அது கீழே உள்ள தண்டின் மூன்றில் இரண்டு பங்கு பருமனை எட்டியதும் அடுத்த வெட்டு 20 செ.மீ.-இல், பிறகு 26 செ.மீ.-இல். ஒவ்வொரு வெட்டிலும் தண்டு சற்றுத் திசை மாறும், சற்று மெலியும். கீழிருந்து மேலே சீராக மெலிந்து போவது இப்படித்தான் வருகிறது. கம்பி கட்டி வருவதில்லை.

முதல் வெட்டுக்கு மாசி, பங்குனி ஏற்றது. குளிர் விலகித் துளிர் கிளம்பும் நேரம். வெட்டைத் தலைவனாக நிற்கப் போகும் துளிருக்குப் பின்புறமாகச் சரிவாக இறக்க வேண்டும். இச்சியில் பால் வடிந்துகொண்டே இருக்கும். தண்ணீர் தெளித்துக் கழுவி, நின்ற பிறகுதான் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையோ வெள்ளை மரப்பசையோ பூச வேண்டும். பாலின் மேல் பூசினால் தோல்போல உரிந்து வந்துவிடும். குருந்தில் முதலில் ஒரு விரற்கடை அதிகமாக விட்டு வெட்டி, துளிர் உறுதியானபின் ஆவணியில் மிச்சத்தைச் செதுக்கி எடுப்பது பாதுகாப்பு.

வெட்டியவுடன் அந்த இடத்தில் கொத்தாக ஏழெட்டுத் துளிர் கிளம்பும். அழகாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் விட்டால் அந்தக் கழுத்து வீங்கி, அடி மெலிந்து மேல் பருத்த கதாயுதமாகிவிடும். பிறகு அதைச் சரிசெய்ய அந்த இடத்துக்குக் கீழே மறுபடி வெட்டுவதைத் தவிர வழியில்லை. துளிர் ஒரு விரல் நீளமானதுமே இரண்டை விட்டு மற்றதை நறுக்க வேண்டும்.

கம்பியும் கிளையும்

பதப்படுத்திய அலுமினியக் கம்பி, 1 முதல் 4 மி.மீ. வரை நான்கு அளவு போதும். கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கம்பி, 45 பாகைச் சாய்வில் சுற்று. பழைய மின்கம்பியின் செம்பையும் பயன்படுத்தலாம். ஆனால் மேலுறையை எரித்து எடுக்கக் கூடாது, அந்தப் புகை நஞ்சு. சீவி எடுத்தபிறகு கரி அடுப்பில் சிவக்கக் காய்ச்சினால் வளையும் பதம் வரும்.

இச்சியில் ஆனி முதல் புரட்டாசி வரை கம்பி ஒரு மாதத்திலேயே பட்டையைக் கடிக்கத் தொடங்கும். வாரம் ஒருமுறை பார்த்து, சுற்றி உருவாமல் துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டும். விழுந்த தழும்பு மறையச் சில ஆண்டுகள் ஆகும். குருந்தின் கதை வேறு. பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கும் அந்தச் சில வாரங்களில்தான் கிளை வளையும்; கட்டையாகிவிட்டால் சத்தத்தோடு முறியும். தடித்த கிளையை இறக்கக் கூடையின் விளிம்பிலிருந்து கயிறு கட்டி, வாரம் ஒரு சுற்று இறுக்கலாம். குரங்குவெற்றிலைக்குக் கம்பியே அதிகம் தேவையில்லை. துளிர் ஆறேழு இலை விட்டதும் இரண்டாம் இலையோடு நறுக்கிக்கொண்டே வந்தால் கிளை தானாகக் கோணிக் கோணி அடர்கிறது.

இலை உரிப்பு இச்சிக்கு மட்டும். பருமன் வந்து கிளை அமைந்த மரத்தில் ஆனி மாதம் இலைக்காம்பை விட்டு இலையை மட்டும் நறுக்கினால் இரண்டு மூன்று வாரத்தில் சிறிய இலை வரும். வேர் வெட்டிய ஆண்டில் செய்யக் கூடாது. இன்னும் பருக்க வேண்டிய கன்றில் செய்தால் அது பட்டினி போடுவதுதான்.

பூச்சிகளில் இச்சிக்கு இலைப்பேன். இளம் இலை நடுவில் மடிந்து, செம்புள்ளி விழுந்து, பிரித்தால் உள்ளே கறுப்பாக ஊரும். மடிந்த இலைக்குள் மருந்து போகாது. அந்த நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அகற்றிய பிறகே வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., சோப்புக் கரைசல் சில துளி சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். குருந்து எலுமிச்சைக் குடும்பம் என்பது வண்ணத்துப்பூச்சிக்கு நன்றாகத் தெரியும். பறவை எச்சம்போல இலைமேல் ஒட்டியிருப்பது புழு. சிறு மரத்தை நான்கு புழு இரண்டே நாளில் மொட்டையாக்கும். கையால் எடுத்துப் பக்கத்து எலுமிச்சை மரத்தில் விட்டால் போதும். குரங்குவெற்றிலை வெளுத்தால் முதலில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரைச் சந்தேகிக்க வேண்டும். மழைநீருக்கு மாறி, இரும்பு கீலேட் (செடி எளிதில் உறிஞ்சும் வடிவிலான இரும்புச்சத்து) லிட்டருக்கு அரை கிராம் இலைமேல் தெளித்தால் புது இலை பச்சையாக வரும். பழைய இலை திரும்பாது.

தட்டு

ஐந்தாம் ஆண்டு ஆடியில் இச்சி தயார். மற்றவை இரண்டு மூன்று ஆண்டு தாமதிக்கும், அவசரப்படுத்த வேண்டாம். தட்டின் ஆழம் ஏறக்குறைய அடிமரத்தின் விட்டம், நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. வடிகால் ஓட்டைக்குக் கொசுவலை போட்டால் ஒரே பருவத்தில் அடைக்கும்; 3, 4 மி.மீ. கண்ணுள்ள பிளாஸ்டிக் வலை வேண்டும். அந்த ஓட்டை வழியாகவே கம்பி கோத்து வேர்த்தொகுதியைத் தட்டோடு கட்ட வேண்டும். இதைத் தவிர்ப்பவர்களே அதிகம். கட்டாத மரம் காற்றில் ஆடும்போது அன்றாடம் முளைக்கும் சல்லிவேர் அன்றாடம் அறுந்துபோகும். ஒரு மாதமாகியும் துளிர்க்காத மரத்தைத் தொட்டு அசைத்தாலே காரணம் தெரிந்துவிடும்.

வேரில் பாதி வரை இச்சியில் எடுக்கலாம். ஓட்டுத் துண்டு இப்போது கழன்று வரும். அடிவேர் உள்ளங்கைபோலத் தட்டையாக இருக்கும். கலவையை மூங்கில் குச்சியால் குத்திக் குத்தி இறக்கி, வேருக்கு நடுவில் பொந்து இல்லாமல் நிரப்பி, அடியில் தெளிந்த நீர் வரும் வரை ஊற்ற வேண்டும். மூன்று வாரம் நிழல், பிறகு காலை வெயில், பிறகு முழு வெயில். புது இலை முற்றும் வரை உரம் இல்லை.

இச்சியில் விழுது வேண்டுமென்றால் மழைக்காலமே அதற்கான நேரம். கிளையில் வெள்ளையாக நுனி எட்டிப் பார்த்ததும் உறிஞ்சுகுழலை நெடுக்கில் கீறி அதைச் சுற்றி மாட்டி, உள்ளே ஈரமான நார்க்கழிவு திணித்து, மறுமுனையை மண்ணில் செருகிவிட வேண்டும். வெறும் காற்றில் விட்ட விழுது தை மாதக் காற்றில் காய்ந்துவிடும். மண்ணைத் தொட்ட விழுது நிமிர்ந்து இறுகிக் கிளைக்கு முட்டுக்கொடுக்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் தட்டுகளைப் பலகையிலிருந்து இறக்கிச் சுவரோரம் தரையில் வைத்து, ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சற்றுச் சாய்த்துவிட வேண்டும். நீர் ஒரு மூலையில் வடிந்துபோகும். அடுத்த வேர்வெட்டு இச்சிக்கு இரண்டு ஆண்டில், குரங்குவெற்றிலைக்கு மூன்றில், குருந்துக்கு நான்கில்.